மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அரசுப் பணம் கேட்கப் போகிறீர்களா?

விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகைத் தோட்டத்தில் இறங்கும் பெண்ணிடம், "நாளைக்கு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் அக்கா" என்று சொன்னால் அவர் வர மாட்டார். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்கு ஒரு டீயாவது குடிக்காமல் அந்தக் குனிந்த முதுகு நிமிராது. சோதனைக்கூடத்துக்கு வந்து சேரும்போது அவர் வயிறு வெறும் வயிறாக இருக்காது. நான்கு முறை சொல்லி அனுப்பிய பிறகும் பரிசோதனைக்கு வராத ஒருவரை, மூன்றாம் வருடம் காலில் ஆறாத புண்ணோடு பார்த்தேன். சர்க்கரை நோய் இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) என்ற ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரத்திலும் ரத்தம் எடுக்கலாம். எங்கள் பக்கத்தில் 'மூன்று மாதச் சர்க்கரை' என்பார்கள். நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, கட்டுப்பாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும் இதை எழுதிக்கொடுக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கவும் இதை எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு செலவில் செய்ய வேண்டும் என்று கேட்டு, அதன் செலவையும் பயனையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒரு மதிப்பீட்டறிக்கையை நான் தயாரித்தேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை செய்பவன் நான். பொருளாதாரம் படித்தவனும் இல்லை, மருத்துவனும் இல்லை. அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது. மொத்தம் ஒன்றே முக்கால் வருடம் ஆயிற்று. சரியான வரிசையில் செய்திருந்தால் எட்டு மாதத்தில் முடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

என் முதல் அறிக்கையின் தலைப்பு "அனைவருக்கும் எச்பிஏ1சி". அது ஒரு கோரிக்கை, மதிப்பீடு அல்ல. பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவருக்கு நான்கு விவரங்கள் வேண்டும்: யாருக்கு, எந்தப் பரிசோதனை, எதற்குப் பதிலாக, அதனால் என்ன மாறும்.

கடைசியில் நான் எழுதிய வாக்கியம் இது: "30 வயதுக்கு மேற்பட்ட, இதுவரை சர்க்கரை நோய் கண்டறியப்படாத, விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் காட்டியவர்களுக்கு, வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் பதிலாக எச்பிஏ1சி செய்தால், ஒரு வருடத்தில் எத்தனை பேர் கூடுதலாகக் கண்டறியப்படுவார்கள், அதற்கு எவ்வளவு செலவாகும்?"

'எதற்குப் பதிலாக' என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் எந்தப் பரிசோதனையும் நன்றாகத்தான் தெரியும். உங்கள் ஊரில் இப்போது உண்மையிலேயே என்ன நடக்கிறதோ அதோடு ஒப்பிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்க்கிறாரா? அதன் பிறகு எங்கே அனுப்புகிறார்? அனுப்பியவர்களில் எத்தனை பேர் போகிறார்கள்? ஒரு வாரம் அவர் பின்னால் நடந்து பாருங்கள். இதைவிடப் பயனுள்ள வாரம் இந்த வேலையில் வேறு இல்லை.

கண்டுபிடிப்பதற்கான பரிசோதனை வேறு, கண்காணிப்பதற்கான பரிசோதனை வேறு. இரண்டையும் ஒரே அறிக்கையில் கலக்காதீர்கள். "இதுதான் ஏற்கெனவே செய்கிறோமே" என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் முதல் முறை திரும்பி வந்தது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே கிடைக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறும்.

2. எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உங்களைச் சோதிக்க இதைத்தான் கேட்பார்கள்.

வெறும் வயிற்றில் (குறைந்தது 8 மணி நேரம்) எடுத்த ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால் சர்க்கரை நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல். எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் போன்ற அறிகுறிகள் இருப்பவருக்கு எந்த நேரத்திலும் 200ஐத் தொட்டாலே போதும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று சொல்லக் கூடாது. இன்னொரு முடிவும் ஒத்துவர வேண்டும். இந்த இரண்டாவது பரிசோதனையின் செலவைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

6.5 என்ற எல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2010இலும், உலக சுகாதார நிறுவனம் 2011இலும் ஏற்றுக்கொண்டன. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட முதல் அத்தியாவசியப் பரிசோதனைகள் பட்டியலிலும் எச்பிஏ1சி இருக்கிறது. ஆஸ்திரேலியா இதே கேள்வியைத் தனியாக மதிப்பிட்டு, நோய் கண்டறிவதற்கான எச்பிஏ1சிக்கு 2014 நவம்பர் முதல் அரசு நிதி கொடுக்கத் தொடங்கியது. நோய் வரக்கூடிய ஆபத்து அதிகமுள்ளவருக்கு மட்டும், 12 மாதத்துக்கு ஒரு முறை என்று வரம்பும் போட்டது. வரம்பு போட்டுக் கேட்டால்தான் கொடுப்பவருக்குத் துணிவு வரும். நீங்களும் வரம்போடு கேளுங்கள்.

நோயின் அளவைச் சொல்ல, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு போதும். 2023இல் வெளியான அதன் முடிவுப்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.4 சதவீதம். இதற்கு மேல் புள்ளிவிவரங்களை அடுக்க வேண்டாம். நோய் பெரியது என்பது அவர்களுக்குத் தெரியும்.

3. யாருக்கு இந்தப் பரிசோதனை பொய் சொல்லும்

அறிக்கையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதனால்தான் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. சிவப்பணுவின் ஆயுள் மாறினால் முடிவும் மாறிவிடும்.

இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணு சீக்கிரம் சிதையும் நோய்களிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் குறைவாகக் காட்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பவர்களிடமும் நம்ப முடியாது. கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் முறை அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கும் வெறும் வயிறு தேவையில்லை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. யோசித்துப் பாருங்கள். யாருக்காக இந்தப் பரிசோதனையைக் கேட்கிறோமோ, அந்தப் பூப் பறிக்கும் பெண்களிடமே இது தவறக்கூடும். இரண்டாவது முறை என் அறிக்கையைத் திருப்பியவர் ஒரு மருத்துவர். ஓரத்தில் பென்சிலால் "ரத்தசோகை?" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இதற்கு வழி இருக்கிறது. அதே ஊதா மூடிக் குழாயில் உள்ள ரத்தத்திலேயே ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருப்பவர்களின் எச்பிஏ1சி முடிவை ஏற்காமல், அவர்களுக்கு மட்டும் சர்க்கரை அளவை நேரடியாகப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த வழிமுறையை ஒரு படமாக வரைந்து அறிக்கையில் வையுங்கள். ரத்தசோகையும் கூடவே கண்டறியப்படும் என்பதைப் பயன் பக்கத்தில் எழுதுங்கள். அது சிறிய பயன் அல்ல.

4. ரத்தம் போகும் வழியைப் பின்தொடருங்கள்

ஒரு நாள் காலை, ஆய்வக நுட்பநரிடம் அனுமதி கேட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், எச்பிஏ1சிக்கு ஊதா மூடிக் குழாய். குழாயில் எடுத்த ரத்தத்தை அப்படியே வெளியில் வைத்திருந்தால், ரத்த அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் குழாயில் உள்ள ஃப்ளோரைடு இதைத் தடுக்கும், ஆனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முழுமையாகத் தடுக்காது. எச்பிஏ1சி அப்படியல்ல. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்கள் வரை மாறாது.

நான் உட்கார்ந்த நாளில் ஏழே காலுக்கு எடுத்த குழாய், மதுரைக்குப் போகும் பெட்டியில் பத்து மணிக்குத்தான் ஏறியது. சித்திரை வெயில். அந்த நேரத்தைக் கைக்கடிகாரம் பார்த்து எழுதிக்கொண்டேன். "எடுத்த நேரம், பெட்டியில் ஏறிய நேரம், இயந்திரத்தில் வைத்த நேரம்" என்று மூன்றே பத்தி கொண்ட அட்டவணை, ஐந்து நாளுக்கு. அறிக்கையில் எல்லோரும் நின்று படித்த பக்கம் அதுதான். 130 இருக்க வேண்டிய சர்க்கரை 120 என்று வந்தால், ஒரு நோயாளி "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு வீட்டுக்குப் போகிறார்.

சோதனைக்கூடத்தின் தரத்தையும் கேட்டு எழுதுங்கள். எச்பிஏ1சி எந்த முறையில் செய்கிறார்கள்? அந்த முறைக்கு என்ஜிஎஸ்பி (எச்பிஏ1சி அளவீட்டை ஒரே தரத்துக்குக் கொண்டுவரும் அமெரிக்கத் திட்டம்) சான்று உண்டா? வெளித் தரக்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் (வேலூர் சிஎம்சி நடத்தும் திட்டத்தைப் போல) சேர்ந்திருக்கிறார்களா? விரல்நுனியில் குத்தி உடனே எச்பிஏ1சி காட்டும் சிறு கருவிகளை விற்பனையாளர்கள் ஆசை காட்டிக் கொண்டுவருவார்கள். நோய் கண்டறிய அவற்றை நம்பி ஒரு திட்டத்தையே கட்டாதீர்கள். அவற்றின் துல்லியம் கருவிக்குக் கருவி மாறும். சாதாரணக் குளுக்கோமீட்டரும் நோய் இருக்கலாம் என்பவர்களைச் சலித்தெடுக்கத்தான் பயன்படும், நோயை உறுதி செய்ய அல்ல.

5. ஆவணங்கள்

அ) தகவல் அறியும் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஏன் எச்பிஏ1சி செய்வதில்லை?" என்று கேட்டேன், "விளக்கம் கேட்பது தகவல் ஆகாது" என்று பதில் வந்தது. ஒரு மாதம் வீண். ஆவணத்தைக் கேளுங்கள்: "கடந்த 12 மாதங்களில் செய்யப்பட்ட வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைகளின் மாதவாரி எண்ணிக்கை", "எச்பிஏ1சிக்காக வெளியே அனுப்பப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கை", "இப்பரிசோதனைகளுக்கான ரீஏஜெண்ட் (சோதனை ரசாயனம்) கொள்முதல் ஆணைகளின் நகல்", "மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள், வந்தவர்கள் பதிவேட்டின் எண்ணிக்கைச் சுருக்கம்". நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஒரே மனுவில் நான்கு அலுவலகங்களின் தகவலைக் கேட்காமல் அலுவலகத்துக்கு ஒரு மனுவாகப் போடுங்கள்.

ஆ) கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட்டம் நடக்கும். உங்கள் நாட்காட்டியை இதை வைத்துத்தான் போட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் சில சமயம் மூன்று மாதம் காத்திருக்க நேரிடும். ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் பத்து நாள் முன்பே பேசி, தீர்மான வாசகத்தை எழுதிக் கையில் கொடுங்கள். கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னால் பதிவேட்டில் "சுகாதாரம் பற்றி விவாதிக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான் இருக்கும். கையெழுத்தும் முத்திரையும் இட்ட நகலை அன்றே கேளுங்கள்.

இ) ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் கடிதம். அரைப் பக்கம் போதும்: இந்த மாற்றம் வந்தால் எங்கள் ஆட்களைக் கொண்டு செய்ய முடியும், அல்லது இன்ன ஆள் கூடுதலாக வேண்டும். வேலைப்பளு மிகுந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள். புறநோயாளிக் கூட்டம் கலைந்த பிறகு, மதியம் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

ஈ) நெறிமுறைக் குழு அனுமதி. மக்களிடம் கேள்வி கேட்டோ ரத்தம் எடுத்தோ தகவல் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இது வேண்டும். தனியாக ஓர் அறக்கட்டளைக்கு இது கடினம். மருத்துவக் கல்லூரி ஒன்றின் சமூக மருத்துவத் துறையில் ஒரு பேராசிரியரையோ முதுநிலை மாணவரையோ சேர்த்துக்கொண்டால், அவர்கள் நிறுவனக் குழுவின் வழியாகவே போகலாம். முழு விண்ணப்பம் போட வேண்டுமா, விலக்கு உண்டா என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். இரண்டு மூன்று மாதம் ஒதுக்கி வையுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். 'ஆய்வு பங்கேற்பாளர் தகவல் தாள்' என்று தொடங்கும் மொழிபெயர்ப்பைப் படித்தால் நமக்கே புரியாது. தோட்டத்துப் பெண்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் திருப்பிச் சொன்ன வார்த்தைகளைக் கொண்டே எழுதினோம்.

6. செலவுக் கணக்கு

இதைப் பொறுமையாகப் படியுங்கள். கீழே உள்ளவை கணக்கைப் புரியவைக்க நான் வைத்த மாதிரி எண்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1,000 பேர். அவர்களில் 100 பேருக்குத் தெரியாமலே சர்க்கரை நோய் இருக்கிறது.

முதல் வழி, வெறும் வயிற்றுப் பரிசோதனை. வரச் சொன்னவர்களில் 600 பேர்தான் வருகிறார்கள். ஒருவருக்கு 30 ரூபாய் வீதம் 18,000 ரூபாய். நோயுள்ள 100 பேரில் 60 பேர் வந்து, பரிசோதனை அவர்களில் 70 சதவீதத்தைப் பிடித்தால், 42 பேர் கண்டறியப்படுகிறார்கள்.

இரண்டாம் வழி, முதலில் விரலில் குத்திப் பார்த்து, 140ஐத் தொட்டவர்களுக்கு மட்டும் அன்றே ரத்தம் எடுத்து எச்பிஏ1சி. 1,000 பேருக்கு 15 ரூபாய் வீதம் 15,000. அவர்களில் 250 பேருக்கு, செவிலியரின் நேரத்தையும் சேர்த்து 200 ரூபாய் வீதம் 50,000. மொத்தம் 65,000 ரூபாய். கண்டறியப்படுபவர் 48 பேர்.

மூன்றாம் வழி, எல்லோருக்கும் எச்பிஏ1சி. 900 பேர் ரத்தம் கொடுக்கிறார்கள், 1,80,000 ரூபாய். கண்டறியப்படுபவர் 54 பேர்.

இப்போது பொறி. மூன்றாம் வழியை முதல் வழியோடு மட்டும் ஒப்பிட்டால், கூடுதல் 12 பேருக்கு 1,62,000 ரூபாய், ஆளுக்கு 13,500. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் படிப்படியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் வழியிலிருந்து இரண்டாம் வழிக்குப் போக ஆளுக்குச் சுமார் 7,800. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக ஆளுக்குச் சுமார் 19,200. அதாவது மூன்றாம் வழியில் கடைசி ஆறு பேரைக் கண்டுபிடிக்கும் செலவை, இரண்டாம் வழியின் மலிவு மறைத்துவைத்திருக்கிறது. நான் "அனைவருக்கும்" என்ற சொல்லை விட்டுக்கொடுத்தது இந்தக் கணக்கைப் போட்ட இரவில்தான்.

அடுத்து, மக்கள் கையிலிருந்து போகும் பணம். இதை விட்டுவிட்டால் அறிக்கையே அநியாயமாகிவிடும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வரும் கூலிக்காரர் அரை நாள் வேலையை இழக்கிறார். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி 2024-25இல் 319 ரூபாய். அதில் பாதி என்று வைத்தாலும் 600 பேருக்கு 95,700 ரூபாய். முதல் வழியின் உண்மைச் செலவு 18,000 அல்ல, 1,13,700. இரண்டாம் வழியில் ரத்தத்தை ஊரிலேயே, வேலை முடிந்த நேரத்தில் எடுத்தால் இந்த இழப்பு இல்லை. மலிவு என்று இதுவரை நினைத்த பரிசோதனைதான் கூலிக்காரர் கணக்கில் விலை உயர்ந்தது. எனவே இரண்டு அட்டவணை கொடுங்கள்: அரசின் செலவு தனி, அரசும் மக்களும் சேர்ந்து செய்யும் செலவு தனி. பஸ் கட்டணம் போடும்போது, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை மறக்காதீர்கள். ஆண்களுக்கு மட்டும் போடுங்கள். சிறு தவறுதான், ஆனால் அதைக் கண்டுபிடிப்பவர் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்.

இதோடு நிற்கக் கூடாது. உறுதி செய்யும் இரண்டாவது பரிசோதனை, தவறாக 'நோய் உண்டு' என்று வந்தவர்களின் அலைச்சல், கூடுதலாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய மாத்திரை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். "கண்டுபிடித்த பிறகு மருந்துக்கு எங்கே போவது?" என்பதுதான் அதிகாரிகள் கேட்கும் முதல் கேள்வி. வட்டாரத்துக்கு ஐந்து வருட மொத்தச் செலவு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

பயன் பக்கத்துக்கு இரண்டு ஆய்வுகள் போதும். புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம் குறையும் என்று 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. நோய் வரும் எல்லையில் இருப்பவர்களுக்கு உணவு, நடைப் பழக்கத்தை மாற்றினாலே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறையும் என்று 2006இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. இங்கேயே நடந்த ஆய்வு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

வாழ்நாள் கணக்கு வரை போக விரும்புபவர்கள் எதிர்காலச் செலவையும் பயனையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு 3 சதவீதம் கழிக்க வேண்டும். இந்திய வழிகாட்டுதல் அதுதான். அரசு மருத்துவமனைச் செலவுகளுக்குச் சண்டிகர் பிஜிஐ மருத்துவ நிறுவனம் தொகுத்த தேசியச் செலவுத் தரவு இணையத்தில் இருக்கிறது. தனியார் சோதனைக்கூடத்தின் விலைப்பட்டியலை அரசின் செலவாகப் போடாதீர்கள். மொத்தமாக வாங்கும் அரசுக்கு அந்த விலை ஆகாது.

7. எங்கே கொடுப்பது

இந்தியாவில் இந்த வகை மதிப்பீட்டுக்கென்றே மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017இல் எச்டிஏ-இன் (HTAIn) என்ற சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு உருவானது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதன் வள மையம் ஒன்று செயல்படுகிறது. உற்சாகத்தில் நேராக அங்கே அனுப்பிவிடாதீர்கள். மதிப்பிட வேண்டிய தலைப்புகளை அனுப்ப வேண்டியது அரசுத் துறைகள். தனி மனிதரோ அறக்கட்டளையோ அல்ல. இது தெரியாமல் நான் நான்கு மாதம் பதிலுக்குக் காத்திருந்தேன்.

சரியான வரிசை: வட்டார மருத்துவ அலுவலர், அவர் வழியாக மாவட்ட சுகாதார அலுவலர், பிறகு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்ககம். ஒரு நகல் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாநில அலுவலகத்துக்கு. மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுத்தால், பதிவு எண்ணோடு துறைக்குப் போகும். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். அறிக்கை முழுவதையும் அங்கே நீட்டாதீர்கள். ஒரு பக்க மனு, ஒரு பக்கச் செலவு அட்டவணை, கிராம சபைத் தீர்மானத்தின் நகல், இந்த மூன்றே மூன்று தாள். எங்களோடு வந்த பூக்கார அக்கா, கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நான்கு மணிக்கு எழும் கதையை இரண்டு நிமிடத்தில் சொன்னார். என் நாற்பது பக்கத்தை யாரும் புரட்டும் முன் அவர் சொன்னதைக் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அவர் கூலியை நீங்கள் கொடுங்கள்.

8. காலமும் கைச்செலவும்

எல்லாம் ஒழுங்காக நடந்தால்: தன்னார்வலரோடு நடப்பதும் கேள்வியை எழுதுவதும் ஒரு மாதம். தகவல் மனுக்கள் ஒன்றரை மாதம். நெறிமுறை அனுமதி மூன்று மாதம். மனுக்களைப் போட்ட அன்றே இதையும் தொடங்கிவிடுங்கள். தகவல் சேர்ப்பது இரண்டு மாதம். கணக்கும் எழுத்தும் ஆறு வாரம். கிராம சபை தேதி இதற்கு நடுவில் விழும்படி பாருங்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது குறைதீர்க்கும் கூட்டம் நடக்காது. அந்த மாதங்களைத் தவிருங்கள்.

எங்களுக்கு ஆன செலவு, பஸ், நகல், வில்லை, தபால், கூட வந்தவர்களின் கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் கூலிதான்.

கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 45 நாள் கழித்து, பதிவு எண்ணைச் சொல்லி 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் நிலையைக் கேளுங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்றால், எந்த மேசையில், எந்த நாளிலிருந்து என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மூன்றாவது அறிக்கை இப்போது இயக்ககத்தில் இருக்கிறது. இரண்டு விளக்கம் கேட்டார்கள், இரண்டையும் அனுப்பிவிட்டோம். அடுத்த பதில் வரும் வரை, ரத்தம் எடுத்த நேரத்தையும் பெட்டி ஏறிய நேரத்தையும் அந்த நோட்டில் எழுதுவதை நாங்கள் நிறுத்தவில்லை.